மட்டக்களப்பில இருந்துகொண்டு சிலிக்கனுக்குள்ள இருக்கிற குறைபாட்டைக் காந்த ஒத்திசைவால பாக்க ஏலுமா?

வந்தாறுமூலையில பௌதிகவியல் படிக்கிற தம்பி ஒராள் கேட்டிருக்கார், குறைகடத்திக் குறைபாடுகளை ஈஎஸ்ஆர் (காந்தப்புலத்தில இலத்திரன்ட சுழற்சியை அலையால திருப்பிப் பாக்கிற) முறையில பாக்க என்ன மெஷின் வேணும், இஞ்ச செய்யலாமா எண்டு. செய்யலாம் தம்பி, ஆனா வழக்கமா ஈஎஸ்ஆருக்குப் பாவிக்கிற அந்தப் பெரிய மெஷினால இல்ல.

அந்த மெஷின் 9.5 கிகாஹேர்ட்ஸ் மைக்ரோவேவ்ல ஓடுறது, அதுக்கு 340 மில்லிடெஸ்லா அளவு காந்தப்புலம் வேணும், அந்த மெக்னெட்டைக் குளிராக்கத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கோணும், கன குறைபாடுகளுக்குத் திரவ ஹீலியம் வேற கேக்கும். இவ்வளவு குடுத்தும் அறை வெப்பத்தில ஆயிரம் இலத்திரனுக்கு ஒண்டு கூட மிச்சமா ஒரு பக்கம் சாயாது, அதால ஆயிரம் கோடிக்கணக்கில குறைபாடு இருந்தாத்தான் சிக்னல் தெரியும். சின்ன டயோட் ஒண்டுக்குள்ள அவ்வளவு எங்க கிடக்கு?

நான் சொல்லுறது ஈடிஎம்ஆர், அதாவது காந்த ஒத்திசைவை மின்னோட்டத்தால பாக்கிற முறை. மைக்ரோவேவைப் பாக்காம டயோட்டில ஓடுற கரண்டைப் பாக்கிறது. குறைபாட்டில மாட்டின இலத்திரன்ட சுழற்சியைத் திருப்பினா அது துளையோட சேருற வேகம் மாறும், கரண்டும் துளி மாறும். 1972ல லெப்பின் எண்ட ஆய்வாளர் இதைச் சிலிக்கன் மேற்பரப்பில காட்டினார், 1976ல சொலமன் எண்டவர் டயோட்டுக்குள்ள இருக்கிற பிஎன் சந்தியிலயே காட்டினார். இதில பெரிய வாசி என்னெண்டா சிக்னல் காந்தப்புலத்தின்ட பருமனில பெரிசாத் தங்கியிருக்காது, அப்ப ஏன் பெரிய மெக்னெட்?

10 சென்ரிமீற்றர் ஆரையில ஆரையளவு இடைவெளியில நேருக்கு நேர் வைச்ச ரெண்டு சுருள் (ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்), ஒவ்வொண்டிலயும் 100 சுத்து, 1 அம்பியர் விட்டா 0.9 மில்லிடெஸ்லா வரும். சுழற்சியைத் திருப்புற ரேடியோ அலைக்கு ஒரு மில்லிடெஸ்லாக்கு 28 மெகாஹேர்ட்ஸ் கணக்கு, அப்ப 2 மில்லிடெஸ்லாவில 56 மெகாஹேர்ட்ஸ். 88க்கு மேல போகாதீங்க, எஃப்எம் ரேடியோக்காரர் உள்ள வந்திருவினம். மறுகா டயோட்டுக்கு பற்றரி, ஒரு நல்ல கரண்ட் அம்ப்ளிஃபையர், லொக்-இன் அம்ப்ளிஃபையர். காசு போறது லொக்-இன்னுக்குத்தான், அதில கஞ்சத்தனம் பாக்க ஏலாது, ஏனெண்டா கரண்ட் மாறுறது பத்தாயிரத்தில ஒரு பங்கு, சிலநேரம் அதிலயும் குறைய. சின்னச் சுருளால புலத்தை ஒரே தாளத்தில ஆட்டினா, திருவிழா இரைச்சலுக்குள்ளயும் கூத்து மத்தளத்தைப் பிடிக்கிற காது மாதிரி லொக்-இன் அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துத் தரும்.

நம்மட ஊருக்கு இன்னொண்டு இருக்கு. காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால பூமியின்ட புலம் இஞ்ச கிட்டத்தட்டக் கிடையாத்தான் ஓடுது, 40 மைக்ரோடெஸ்லா அளவு, அது இந்தச் சின்னப் புலத்தில 1.1 மெகாஹேர்ட்ஸ் பிழையைக் காட்டும். சுருளை வடக்கு தெற்கா வைச்சு, கரண்டைத் திருப்பி ரெண்டு தரம் எடுத்து சராசரி பாருங்க, கழிஞ்சு போயிரும்.

கவனமா இருக்க வேண்டியது பொய்ச் சிக்னலுக்கு. டயோட்டின்ட வயரே அன்ரனா மாதிரி ரேடியோ அலையைப் பிடிக்கும், டயோட் அதை நேரோட்டமா மாத்திரும், ஒத்திசைவுக் கோடு வந்திட்டுது எண்டு நீங்க துள்ளுவீங்க. ரேடியோ அலையின்ட மீடிறனை 56ல இருந்து 70 மெகாஹேர்ட்ஸுக்கு மாத்துங்க, கோடு 2 மில்லிடெஸ்லாவை விட்டு 2.5க்குப் போகோணும். போகாட்டி அது குறைபாடு இல்ல, வயர்.