கேள்வி நேரம்: தைக்கும் சட்டையில் இசைக்குழுச் சின்னம்

கேள்வி: சட்டையை நானே தைத்து, பிடித்த ராக் குழுவின் சின்னத்தை அதில் கையால் வரைய ஆசை. தைத்து முடித்தபின் வரைவதா, முன்பே வரைவதா?

பதில்: முன்பே வரைந்துவிடுங்கள். கடையில் வாங்கும் டிஷர்ட்டில் கிடைக்காத வசதி இது. துணி மேசையில் தட்டையாகக் கிடக்கும், உள்ளே அட்டை திணிக்க வேண்டாம், பின்பக்கத்துக்குப் பெயிண்ட் கசியுமோ என்ற பயமும் இல்லை.

முதலில் துணியைச் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள். கஞ்சியும் மில் பூச்சும் போனால்தான் பெயிண்ட் இழைக்குள் பிடிக்கும். சுருங்க வேண்டிய துணி அப்போதே சுருங்கிவிடும். வாசனைக்காகப் போடும் சாஃப்ட்னர் வேண்டாம், அதன் படலம் பெயிண்டை ஒட்டவிடாது. பிறகு முன்பாகத்தின் அளவைச் சாக்பீஸால் வரையுங்கள், ஆனால் வெட்டாதீர்கள். வரைந்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பின்னரே கத்தரிக்கோலை எடுங்கள். ஓரம் பிரியாது, அளவும் மாறாது.

நடுக்கோட்டை மடித்துத் தேய்த்து அடையாளம் வையுங்கள். சின்னத்தின் மேல் விளிம்பு கழுத்திலிருந்து 7 அல்லது 8 செ.மீ. கீழே இருந்தால் பெரியவர்களுக்குச் சரியாக அமையும். தையலுக்கு விடும் 1.5 செ.மீ. போக, அதை ஒட்டி இன்னும் 2 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும். பெயிண்ட் மேல் ஊசி போனால் துளை அப்படியே தெரியும், மெஷினின் பாதமும் இழுபடும். சின்னம் இரண்டு துண்டுகளைத் தாண்டிப் போகிறதென்றால் அந்த ஒரு இணைப்பை மட்டும் முதலில் தைத்து, தையல் ஓரங்களை இருபுறமும் விரித்துத் தேய்த்து, அதன்மேல் வரையலாம்.

கேள்வி: கறுப்புத் துணியில் வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் சாம்பலாகிவிட்டது. ஏன்?

பதில்: பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, நீங்கள் எடுத்தது ஒளிபுகும் வகையாக இருக்கலாம். டைட்டானியம் வெள்ளை நன்றாக மூடும், ஜிங்க் வெள்ளை மூடாது. புட்டியின் லேபிளில் 'ஓபேக்' (ஒளிபுகாதது) என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு, சாதாரண அக்ரிலிக் பெயிண்டைத் துணிக்கு ஏற்றதாக்கக் கலக்கும் திரவமான ஃபேப்ரிக் மீடியத்தை அதிகமாகக் கலந்திருப்பீர்கள். மீடியம் பூச்சை மிருதுவாக்கும், அதேசமயம் நிறத்தின் அடர்த்தியைக் குறைக்கும். கறுப்புத் துணிக்கு 2 பங்கு பெயிண்ட், 1 பங்கு மீடியம் போதும்.

ஒரே தடவையில் மொத்தமாக அப்பாதீர்கள். மெல்லிய பூச்சு, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் அடுத்தது. சிவப்பும் மஞ்சளும் கறுப்பின்மேல் நேராக எடுபடாது. அடியில் வெள்ளை இரண்டு பூச்சு வேண்டும்.

கேள்வி: எழுத்துகளின் ஓரம் பூனைமயிர் போலப் பரவுகிறதே?

பதில்: பிரஷ்ஷில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் இழை வழியே ஓடும்போது நிறத்தையும் இழுத்துச் செல்லும். பெயிண்ட் தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். பிரஷ்ஷைக் கழுவினால் துணியில் நன்றாக ஒற்றி எடுத்த பிறகே தொடுங்கள். ஓரத்துக்கு 0 அல்லது 1ஆம் எண் உருண்டை பிரஷ், உள்ளே நிரப்பக் குட்டையான, விறைப்பான தட்டை பிரஷ்.

நேர்கோட்டு எழுத்துகளுக்கு ஸ்டென்சில், அதாவது எழுத்தை வெட்டியெடுத்த தாள், நல்லது. ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் பேப்பர் கிடைத்தால் அதில் வெட்டி, பளபளப்பான பக்கத்தைத் துணிமேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும், அடியில் கசியாது. ஓ, ஏ, ஆர் போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வட்டத் துண்டுகளைத் தனியே பத்திரப்படுத்தி, அதனதன் இடத்தில் ஒட்ட மறக்காதீர்கள். பெயிண்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள்.

கேள்வி: இரண்டே சலவையில் விரிசல் விட்டுவிட்டது. பனியன் துணி.

பதில்: தடித்த பூச்சு, போதாத சூடு, அவசரச் சலவை: மூன்றில் ஒன்று, சில சமயம் மூன்றும். பனியன் துணி நீளும், தடித்த படலம் நீளாது, அதனால் வெடிக்கிறது. துணியை அட்டையில் இறுக இழுத்துக் குத்தி வரைவதும் தவறு. விட்டதும் துணி சுருங்கி, படமும் சுருங்கும். சுருக்கமில்லாமல் விரித்தால் போதும்.

வரைந்தபின் 24 மணி நேரம் காயட்டும். பிறகு மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல், இஸ்திரிப்பெட்டியை நகர்த்திக்கொண்டே 3 முதல் 5 நிமிடம் தேயுங்கள். பெயிண்ட் புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பாலியஸ்டர் கலந்த துணிக்குச் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். முதல் சலவைக்கு ஒரு வாரம் பொறுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், பிரஷ் போடாமல், முறுக்கிப் பிழியாமல் துவையுங்கள்.

கேள்வி: முதல் முயற்சிக்கு எந்தச் சின்னம்?

பதில்: அமெரிக்க பங்க் ராக் குழுவான பிளாக் ஃபிளாக்கின் நான்கு பட்டைகள். ஓவியர் ரேமண்ட் பெட்டிபன் வடிவமைத்தது. மறைக்கும் டேப் ஒட்டியே வரைந்துவிடலாம், ஆனால் பட்டைகள் ஒரே மட்டத்தில் நிற்காமல் ஏறி இறங்கி இருக்கும், அதைக் கவனியுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்காக ஜான் பாஷ் 1970இல் வரைந்த உதடும் நாக்கும் அடுத்த படி. வளைவுகளில் கை நிதானம் வேண்டும், சிவப்புக்கு அடியில் வெள்ளையும் வேண்டும்.

கேள்வி: வரையாத இடத்தில் பெயிண்ட் துளி விழுந்துவிட்டால்?

பதில்: தேய்க்காதீர்கள். அட்டையின் ஓரத்தால் வழித்தெடுத்து, உடனே சோப்புநீர் தொட்ட துணியால் ஒற்றுங்கள். காய்ந்துபோனால் முழுதாகப் போவது அரிது. வேண்டுமென்றே இன்னும் சில துளிகள் தெளித்து, அதையே வடிவமாக்கிவிடுங்கள். 1976இல் பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவான தி கிளாஷ் குழுவினர் பெயிண்ட் தெறித்த உடைகளோடுதான் மேடையேறினார்கள். பங்க் உடைக்கு அது பொருந்தும்.

கேள்வி: நண்பர்கள் கேட்கிறார்கள். வரைந்து விற்கலாமா?

பதில்: குழுக்களின் பெயரும் சின்னமும் பெரும்பாலும் பதிவு பெற்ற வணிகக்குறிகள். விற்பதற்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் சின்னத்தைத் தொடாமல், அந்த இசை உங்களுக்குள் எழுப்பும் உருவத்தை வரைந்து விற்கலாம்.