மூன்று வருஷமாகப் பதில் இல்லை. இன்னும் ஜெபிக்க வேண்டுமா?

கேள்வி: என் கணவர் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்துகிறேன். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வரும் வாக்குத்தத்த அட்டை (வேதவசனம் எழுதிய அட்டை) ஒவ்வொரு வருஷமும் சுகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. சுகம்தான் வரவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், “விசுவாசம் பத்தலை சிஸ்டர். அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. மாத்திரையை நிறுத்திட்டு முழுசா கர்த்தரை நம்புங்க” என்றார். இப்போது முழங்கால் போட்டாலே அழுகையும் கோபமும்தான் வருகின்றன. பிளஸ் டூ படிக்கும் மகன் சர்ச்சுக்கே வரமாட்டேன் என்கிறான். நான் விசுவாசத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறேனா?
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை. டாக்டர் சொல்லாமல் அதை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் கொடுக்கிறார்கள். நிறுத்தச் சொன்னவர், நடுராத்திரியில் 108 வந்து நிற்கும்போது உங்களோடு வண்டியில் ஏறமாட்டார். பவுல் தன்னோடு இருந்த லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதான் எழுதுகிறார். வைத்தியரைக் கூட வைத்துக்கொண்டது அவருக்கு விசுவாசக் குறைவாகத் தோன்றவில்லை.

அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். துரோப்பீமு என்ற தன் கூட்டாளியை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ஏன் சுகமாகவில்லை என்ற விளக்கம் கிடையாது. துரோப்பீமுவின் விசுவாசத்தில் ஓட்டை இருந்தது என்றும் சொல்லவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டவர் அவர். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதில் கேட்டவுடன் இனித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பாவத்தைத் தேடச் சொன்னார் அல்லவா? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கு மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மறுநாள் ராத்திரி புத்தாண்டு ஆராதனை! யாருடைய தோப்பில் எவ்வளவு பாவம் என்று பார்த்துப் பார்த்துக் காற்று மரத்தைச் சாய்த்தது என்று அந்தப் பக்கத்து விவசாயியிடம் போய்ச் சொல்ல இவருக்குத் தைரியம் வருமா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இயேசுவே இதைக் கேட்டார்: எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள்தான் குற்றவாளிகளா? இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

இனி உங்கள் கோபம். சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள், மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார் தாவீது. ‘என்னை மறந்துவிட்டீரா’ என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே கேட்கிற கேள்வி அது. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரி வரைக்கும் விடியவே விடியாது. இரண்டையும் யாரும் வேதாகமத்திலிருந்து வெட்டி எறியவில்லை. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபு பேசாத பேச்சா? முடிவில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபுவின் மேல் அல்ல, ‘நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்’ என்று நியாயம் பேசிய சிநேகிதர்கள் மேல். (வந்த புதிதில் ஏழு நாள் அவர்கள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.) விலகிப்போனவர்களுக்குக் கர்த்தரிடம் சண்டை போடத் தோன்றாது. நீங்கள் இன்னும் அவரிடம்தான் சண்டை போடுகிறீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். சொந்த வார்த்தை வராத நாளில் அந்த ஆறு வசனத்தை மட்டும், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே, வாய்விட்டு வாசியுங்கள். அன்றைக்கு ஜெபம் அவ்வளவு போதும்.

சர்ச்சில் பாட்டுக்கு வாய் வரவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கைகால் விழுந்த திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நால்வர் கதை உங்களுக்குத் தெரியும். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’க் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் அப்போது என்ன நம்பினான் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் உங்களைச் சுமக்க வேண்டிய நாலு பேர் பாட்டுப் புஸ்தகத்தோடு வந்து, காபி குடித்துவிட்டுப் போனால் போதாது. சூரைச்செடியின் கீழ் ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்கியிருக்கமாட்டீர்கள். அதனால் அடுத்த தடவை பெண்கள் ஐக்கியத்திலிருந்து ‘ஜெபிக்க வரலாமா’ என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: “வாங்கக்கா, வர்றப்ப ஒரு ரெண்டு மணி நேரம் இவரைப் பார்த்துக்குங்க, நான் கொஞ்சம் கண்ணசர்றேன்.” ஜிப்மருக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ், அங்கிருந்து கோரிமேட்டுக்கு வேறு வண்டி என்று அவரைத் தனியாக ஏற்றி இறக்காதீர்கள். சபையில் கார் வைத்திருப்பவர் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். அந்த மாத்திரைக்காரர் திரும்ப வந்தால் வாசலிலேயே “அவர் தூங்குறார் பிரதர்” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பொய்யாயிருக்குமே என்று தயங்கினால் “டாக்டர் சொல்றபடிதான் செய்றோம், இதைப் பத்திப் பேச வேண்டாம்” என்று நேராகவே சொல்லுங்கள்.

மகனை இழுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த மனிதர் ‘பாவம் இருக்கிறதா பாருங்கள்’ என்றபோது அவனும் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். தன் அப்பாவைப் பற்றி அப்படிப் பேசினால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? உங்களுக்கும் கோபம் இருக்கிறது என்பதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அப்பாவோடு வீட்டில் இருக்கட்டும், இட்லி ஊட்டட்டும், கைகால் பயிற்சி செய்ய வைக்கட்டும். நீங்கள் அவசரமில்லாமல் ஆராதனை முடியும் மட்டும் இருந்துவிட்டு வரலாம்.