கேமராவை எங்க ஒட்டுறது?

கேள்வி: தெர்மாகோல்ல நானே செஞ்ச ஆர்சி (ரிமோட்ல பறக்குற) பிளேன் சார், பேட்டரியோட 750 கிராம், றெக்கை முன்விளிம்புலேருந்து பின்விளிம்பு வரை 20 செமீ. அண்ணனோட பழைய ஆக்‌ஷன் கேமரா 150 கிராம் இருக்கு, அதை மூக்குல ஒட்டுனா வீடியோ நல்லா வருமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வீடியோ வரும், பிளேன் எவ்ளோ நேரம் மேல நிக்கும்னுதான் தெரியல! 150 கிராம்னா உங்க பிளேன் வெயிட்ல அஞ்சுல ஒரு பங்கு, அதை ஏத்துனா ஸ்டால் ஆகாம (றெக்கை தூக்குற சக்தி போய் கீழ விழாம) பறக்க வேண்டிய வேகமே கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடிரும், கையால வீசி விடுறப்பவும் எறக்குறப்பவும் அது நல்லாவே தெரியும். அதைவிட பெரிய வம்பு சிஜி, அதாவது பிளேனோட வெயிட் சமமா நிக்கிற புள்ளி. இப்ப அது முன்விளிம்புலேருந்து 5 செமீ தள்ளி இருக்குன்னு வைங்க, மூக்கு அந்த சிஜிக்கு 15 செமீ முன்னாடின்னா, 150ஐ 15ஆல பெருக்கி மொத்த வெயிட் 900ஆல வகுங்க, சிஜி 2.5 செமீ முன்னாடி ஓடிருச்சு பாத்தீங்களா, அப்புறம் எலிவேட்டரை (மூக்கை ஏத்தி எறக்குற வால் மடலை) எவ்ளோ இழுத்தாலும் மூக்கு தூக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். பேட்டரிய பின்னாடி தள்ளி சரிக்கட்டலாம், உள்ள எடம் இருந்தா.

என்னைக் கேட்டா 20 கிராம் கிட்ட வர்ற குட்டி கேமரா ஒண்ணு வாங்கிடுங்க. இல்ல இதுதான் வேணும்னா வாட்டர்ப்ரூஃப் கூட்டைக் கழட்டிட்டு, றெக்கைக்கு மேல நடுவுல, சிஜிக்கு நேரா வைங்க, வெயிட் கூடும் ஆனா பேலன்ஸ் மாறாது. வயித்துக்கு அடியில வேண்டவே வேணாம், கரிசக்காட்டு கட்டில எறங்குனா லென்ஸ் காலி. முன்னாடி ப்ரொப்பெல்லர் இருந்தா அது படத்துல அருவா மாதிரி வளைஞ்சு தெரியும், சென்சார் வரிவரியா படிக்கிறதால வர்றது அது, கேமரா கோளாறு இல்ல. படம் ஜெல்லியா ஆடுனா மட்டும் ப்ரொப்பெல்லரை பேலன்ஸ் பண்ணுங்க, லேசா இருக்குற பிளேடு பின்பக்கம் துண்டு செல்லோடேப் ஒட்டி ஒட்டிப் பாக்கணும், பொறுமை வேணும், கேமராவுக்கு அடியில மெத்துன்னு ஸ்பாஞ்சும் வைங்க.

இன்னொண்ணு, கேமரா வைஃபைய ஆஃப் பண்ணிட்டுத்தான் பறக்க விடணும், உங்க ரிமோட்டும் அதுவும் பெரும்பாலும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடும், ரிமோட் சிக்னலை வாங்குற ரிசீவர் பக்கத்துலயே வச்சா ரேஞ்ச் குறைய சான்ஸ் இருக்கு. வெல்க்ரோவ மட்டும் நம்பாம ஒரு நூலும் கட்டிடுங்க.

கேள்வி: தாம்பரத்துல மொட்டை மாடிலேருந்து கேமரா வச்ச பிளேன் விடலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கூடாதும்மா. பக்கத்துலயே ஏர்ஃபோர்ஸ் ஓடுதளம் இருக்கு. 2021 ட்ரோன் விதிகள்ல மாடல் பிளேனும் சேர்த்தி, டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசாங்க ட்ரோன் தளத்தோட மேப்ல பச்சையா இருக்குற எடத்துல, கண்ணுக்குத் தெரியிற தூரத்துல, 400 அடிக்குள்ள விடுங்க. அதுவும் அடுத்த வீட்டு மாடி, ஜன்னல் எதுவும் ஃபிரேம்ல வராம.