வாசகர் கேள்வி – பதில்: ஓசையைப் பொறுக்காதவர் செய்த கார்

ரோல்ஸ் ராய்ஸ் கார்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ரோல்ஸ் ராய்ஸ் என்பது ஒருவர் பெயரா, இருவர் பெயரா? பணக்காரர்களுக்காகப் பணக்காரர்களே தொடங்கிய நிறுவனம்தானே அது? (மன்னார்குடி வாசகர்)

இருவர் பெயர். அந்த இருவரில் ஒருவர் மட்டுமே பணக்காரர். ஹென்றி ராய்ஸ் 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை அடுத்த ஆல்வால்டன் என்னும் சிற்றூரில், மாவு ஆலை நடத்தி நொடித்துப்போன ஒருவருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். செய்தித்தாள் விற்றார், தந்தி கொண்டு போய்க் கொடுத்தார். அத்தை ஒருவர் பணம் கட்டியதால் ரயில்வே பணிமனையில் தொழில் பழகச் சேர்ந்தார். அந்தப் பணம் தீர்ந்ததும் பயிற்சியும் பாதியில் நின்றது. 1884இல் மான்செஸ்டரில் எர்னெஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கி, வீட்டு அழைப்பு மணி, டைனமோ, மின்சாரத்தில் இயங்கும் பாரந்தூக்கி என்று படிப்படியாக வளர்ந்தார்.

சார்லஸ் ரோல்ஸ் இதற்கு நேர்மாறானவர். பிரபுவின் மகன், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர், பந்தயம், பலூன், விமானம் என்று வேகத்தின் மீது தீராத மோகம் கொண்டவர். இலண்டனில் வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து விற்றுவந்த அவருக்கு, அவற்றுக்கு ஈடாக நிற்கும் உள்நாட்டுக் கார் ஒன்று இல்லையே என்ற குறை இருந்தது.

ராய்ஸ் அப்போது பழைய டெகோவில் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அந்தப் பிரெஞ்சு வண்டியின் இரைச்சலும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கார் வாங்கிப் பார்ப்போம் என்று நினைக்காமல், தாமே ஒன்றைச் செய்துவிடத் துணிந்தார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டி 1904 ஏப்ரல் 1ஆம் நாள் ஓடியது. அடுத்த மாதம் 4ஆம் நாள் மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் ரோல்ஸும் ராய்ஸும் சந்தித்தார்கள். ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் ரோல்ஸ் விற்பது, வண்டிக்கு இருவர் பெயரையும் வைப்பது என்று அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தமாயிற்று. 1906 மார்ச்சில் நிறுவனம் பதிவானது. வணிகத்தைக் கட்டி நடத்திய கிளாட் ஜான்சனை, இரு பெயர்களுக்கும் இடையில் உள்ள சிறு கோடு என்று அக்காலத்தார் சொல்வதுண்டு. அது மிகையான பாராட்டு அன்று; ஏனெனில் 1910 ஜூலையில் ரோல்ஸ் தம் 32ஆம் வயதில் போர்ன்மத்தில் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் காத்தவர்கள் பட்டறைக்காரர் ஒருவரும் நிர்வாகி ஒருவரும்தான்.

கேள்வி: "உலகின் மிகச் சிறந்த கார்" என்ற புகழ் வேலைப்பாட்டால் வந்ததா, விளம்பரத்தால் வந்ததா? (திருநெல்வேலி வாசகர்)

முதலில் வேலைப்பாடு, விளம்பரம் அதன் தோளில் ஏறிக்கொண்டது. 1906இல் அறிமுகமான 40/50 குதிரைத்திறன் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்து ஆறு சிலிண்டர் என்ஜின்களுக்கு ஒரு பெரிய நோய் இருந்தது: பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் நீளமான தண்டு, அதாவது கிராங்க் ஷாஃப்ட், சுழலும்போது முறுக்கேறி அதிரும், சில சமயம் முறிந்தும் போகும். ராய்ஸ் ஆறு சிலிண்டர்களையும் மும்மூன்றாக இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார். ஷாஃப்டைத் தடிமனாக்கி ஏழு பேரிங்குகளில் தாங்க வைத்தார். எண்ணெய் தானாகச் சொட்டட்டும் என்று விடாமல் அழுத்தத்தோடு பாயச் செய்தார். சேஸியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், பாகங்களை ரிவெட் என்னும் தட்டி இறுக்கும் ஆணி அடித்து இணைப்பதையும் அவர் ஏற்கவில்லை. ரிவெட் துளையை முழுமையாக நிரப்பாது, நாளடைவில் தளரும் என்பது அவர் கணிப்பு. ஆகவே துளையையே இலேசான கூம்பாகக் கடைந்து, அதே கூம்பு வடிவப் போல்ட்டை அதில் செலுத்தி முடுக்கச் செய்தார். வண்டி வாங்குபவர் கண்ணில் ஒருநாளும் படப்போகாத இடத்தில் செய்த வேலை இது.

அந்த வரிசையில் பன்னிரண்டாவது சேஸிக்கு வெள்ளி நிறம் பூசி, "சில்வர் கோஸ்ட்" என்று பெயர்ப்பலகை பொருத்தினார் ஜான்சன். 1907இல் அதை இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஞாயிறு நீங்கலாக மாறி மாறி ஓட்டி 15,000 மைல், அதாவது ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர், கடக்க வைத்தார்கள். வழியில் எண்ணிச் சொல்லத்தக்க தடங்கல் ஒன்றே ஒன்று: 629ஆவது மைலில் சாலைக் குலுக்கலில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டது. திறந்துவிட்டதும் வண்டி புறப்பட்டுவிட்டது. ஓட்டம் முடிந்த பின் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பொறியாளர்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த உறுப்புகளைப் புதிதாக்க ஆன செலவு 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். இப்படி ஒரு கணக்குச் சீட்டு கையில் இருந்தால் விளம்பரம் எழுதுவது எளிது. 1926 வரை இந்த ஒரே மாடல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றையும் சேர்த்து, 7,800க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உருவானது. முதல் உலகப் போரில் இதே சேஸியின் மீது இரும்புத் தகடு போர்த்திக் கவச வண்டியாக அரேபியப் பாலைவனத்திலும் ஓட்டினார்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தப் புதிய ரோல்ஸ் ராய்ஸில் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தினுடையது என்று 1958இல் டேவிட் ஓகில்வி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதிய தலைப்பு விளம்பர உலகில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது முழுக்க அவர் கற்பனையில் உதித்ததன்று. பியர்ஸ் ஏரோ என்ற அமெரிக்கக் காருக்கு 1930களிலேயே இதே கருத்தில் விளம்பரம் வந்திருக்கிறது.

கேள்வி: கோஸ்ட், ஃபேன்டம், ரெய்த், ஸ்பெக்டர் என்று பேய்ப் பெயர்களாகவே வைக்கிறார்களே, ஏன்? (யாழ்ப்பாணம் வாசகர்)

பேய் நடந்தால் காலடி ஓசை கேட்காது என்பதுதான் காரணம். சில்வர் கோஸ்ட்டுக்குக் கிடைத்த பெயர் நன்றாக விலைபோனதால் 1925இல் வந்த அடுத்த மாடல் ஃபேன்டம் ஆயிற்று. பிறகு அதுவே குடும்ப வழக்கமாகிவிட்டது. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பேயை விரட்டும் நமக்கு, பேயையே பெயராகச் சூட்டும் துணிச்சல் வியப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: காரின் முகப்பில் கைகளைப் பின்னுக்கு விரித்து முன்சாய்ந்து நிற்கும் பெண் யார்? (கோவை வாசகர்)

"ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி" எனப்படும் அந்த உருவத்தைச் செய்தவர் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி, ஆண்டு 1911. வண்டி உரிமையாளர்கள் சிலர் தத்தம் விருப்பப்படி வேடிக்கைப் பொம்மைகளை முகப்பில் பொருத்தத் தொடங்கியதைச் சகிக்காத ஜான்சன்தான் தகுதியான ஒன்றைச் செய்யச் சொன்னார். மான்டேகு பிரபுவின் செயலாளராக இருந்த எலினர் தார்ன்டன் அதற்கு மாதிரியாக நின்றவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. மான்டேகு பிரபுவோடு இந்தியாவுக்குப் புறப்பட்ட அவர், 1915 டிசம்பர் 30ஆம் நாள் பெர்சியா என்ற கப்பல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியபோது உயிரிழந்தார். பிரபு தப்பிவிட்டார்.

கேள்வி: ஆல்வார் மகாராஜா தம்மை அவமதித்த விற்பனையாளரைப் பழிவாங்க ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்பது உண்மையா? (மதுரை வாசகர்)

நம்புவதற்கு இடமில்லை. இதே கதையில் ஆல்வாரை எடுத்துவிட்டுப் பாட்டியாலா, பரத்பூர், ஹைதராபாத் என்று ஊரை மட்டும் மாற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சி நான்கு அரசர்களுக்கு நடந்திருக்குமானால் ஒருவருக்கும் நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். முன்சக்கரங்களுக்கு எதிரே துடைப்பம் கட்டிய பழைய கார்ப் படத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். சாலையில் கிடக்கும் ஆணியும் கல்லும் டயரைக் குத்தாதிருக்க அவ்வாறு கட்டினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். சமஸ்தான அரசர்கள் இந்தக் கார்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தார்கள் என்பது மட்டும் உண்மை. ராஜ்கோட் மன்னருக்காக 1934இல் காவி நிற உடலோடு செய்யப்பட்ட "ஸ்டார் ஆஃப் இந்தியா" என்ற ஃபேன்டம் இன்றும் பேசப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் வரை நிறுவனம் என்ஜினோடு கூடிய சேஸியை மட்டுமே விற்றது. மேலுடலைப் பார்க்கர், ஹூப்பர் போன்ற உடல்கட்டும் நிறுவனங்களிடம் தனியே சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். அரசர்களின் விசித்திர ஆசைகளுக்கு அந்த ஏற்பாடு வெகுவாக இடம் கொடுத்தது.

கேள்வி: இப்போது அது ஜெர்மன் நிறுவனம் என்கிறார்கள். விமான என்ஜின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸும் இதுவும் ஒன்றுதானா? (சிங்கப்பூர் வாசகர்)

ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன. இன்று பெயர் மட்டும்தான் பொது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெர்லின் போன்ற விமான என்ஜின்களால் பெரும்புகழ் பெற்ற நிறுவனம், ஆர்பி211 என்ற ஜெட் என்ஜினை உருவாக்கும் செலவில் மூழ்கி 1971 பிப்ரவரியில் திவாலானது. அரசு அதை ஏற்று நடத்தியது. கார்ப் பிரிவு 1973இல் தனியாகப் பிரிந்து, 1980இல் விக்கர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

1998இல் விக்கர்ஸ் அதை விற்க முன்வந்தபோது நடந்தது வழக்கறிஞர்கள் சுவைத்துப் படிக்க வேண்டிய கதை. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு தர முன்வந்தது. ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் கொடுத்து வாங்கிவிட்டது. குரூ நகரத்துத் தொழிற்சாலை, அதே நிறுவனத்தின் இன்னொரு கார்ப் பெயரான பென்ட்லி, முகப்புப் பெண் உருவம், ரேடியேட்டர் கிரில்லின் வடிவம் எல்லாம் அதற்கு வந்தன. ஆனால் "ரோல்ஸ் ராய்ஸ்" என்ற பெயரின் உரிமை கார் நிறுவனத்திடம் இல்லை, விமான என்ஜின் நிறுவனத்திடம் இருந்தது. அது 40 மில்லியன் பவுண்டுக்குப் பிஎம்டபிள்யூவுக்கு உரிமம் தந்துவிட்டது. போதாக்குறைக்கு அப்போதைய கார்களுக்கு என்ஜின் கொடுத்துவந்ததும் பிஎம்டபிள்யூதான். வீட்டை வாங்கியவரிடம் பெயர்ப்பலகை இல்லை, பெயர்ப்பலகை வாங்கியவரிடம் வீடு இல்லை என்று ஆயிற்று. பேசி முடித்ததில், 2002 முடிய ஃபோக்ஸ்வாகன் ரோல்ஸ் ராய்ஸ் செய்யலாம், பிறகு பென்ட்லியோடு நின்றுகொள்ள வேண்டும் என்று ஏற்பாடானது. 2003 ஜனவரி முதல் பிஎம்டபிள்யூவின் கீழ், சசெக்ஸ் பகுதியில் குட்வுட்டில் எழுப்பிய புதிய தொழிற்சாலையில் கார்கள் உருவாகின்றன. ராய்ஸ் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1933இல் மறைந்த வெஸ்ட் விட்டரிங் அங்கிருந்து சில மைல் தொலைவுதான்.

கேள்வி: இன்றைய ரோல்ஸ் ராய்ஸில் அவ்வளவு விலை கொடுக்க என்ன இருக்கிறது? (திருச்சி வாசகர்)

என் கருத்தைச் சொல்வதானால், கூரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளியிழைகளைப் பதித்து விண்மீன்களாக மின்ன வைப்பது கல்யாண மண்டப அலங்காரத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் சக்கரத்தின் நடுவில் உள்ள வில்லையைப் பாருங்கள். வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும் அதில் உள்ள இரட்டை ஆர் எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்தே இருக்கும். வில்லை ஒரு பேரிங்கின் மீது தளர்வாக அமர்ந்திருக்க, அதன் கீழ்ப்பகுதியில் உள்ள எடை எப்போதும் அதை நேராக இழுத்துப் பிடிக்கிறது. பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வண்ணக்கோட்டை இன்றும் ஒருவர் அணில் முடித் தூரிகையால் மூச்சடக்கிக் கையாலேயே இழுக்கிறார். கதவின் தடிமனுக்குள் குடை ஒன்று ஒளிந்திருக்கிறது. உள்ளே பதித்த மரத்தகடுகள் ஒரே மரத்திலிருந்து எடுக்கப்பட்டு, இடப்பக்க ரேகையும் வலப்பக்க ரேகையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பொருந்துமாறு ஒட்டப்படுகின்றன. பயனைக் கணக்கிட்டால் இவற்றில் எதுவும் அந்த விலைக்குத் தகாது. பார்வைக்குப் படாத போல்ட்டைக் கூம்பாகக் கடைந்தவரின் பிடிவாதம் எனக்கு அந்த வில்லையில்தான் தெரிகிறது.

கேள்வி: மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் அதன் தனித்தன்மை போய்விடாதா? (சேலம் வாசகர்)

எந்த மின்சாரக் காரும் ஓசையின்றி ஓடும்போது, ஓசையின்மையைத் தனிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கடினம் என்பது உண்மைதான். 2023இல் வாடிக்கையாளர்களைச் சென்றடையத் தொடங்கிய ஸ்பெக்டர் இந்தச் சிக்கலோடுதான் பிறந்திருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு இது புதிய எண்ணம் அன்று. ராய்ஸே மின்கருவி செய்து பிழைத்தவர். ரோல்ஸோ, ராய்ஸைச் சந்திப்பதற்கு நான்கு ஆண்டு முன்னதாக, 1900இலேயே, மின்சாரக் காரில் ஓசையும் இல்லை, வாடையும் இல்லை என்று வியந்து பாராட்டியிருக்கிறார். மின்னேற்றிக்கொள்ள ஆங்காங்கே நிலையங்கள் அமையும் வரை அது பெரிதாகப் பயன்படாது என்பதையும் கூடவே சொல்லிவைத்தார்.