பாடசாலை வானில் ஏற்றுவதும் இறக்குவதும்: திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

பாடசாலை வான், பஸ் சாரதிகளுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் பெற்றோர், சாரதிகள், ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும்.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா: அண்ணா, எங்கட வீடு நிலாவெளி வீதியில கடற்கரைப் பக்கம். வான் டவுனிலிருந்து வந்து எதிர்ப்பக்கத்தில நிற்கும். மகள் தரம் 2. வானுக்கு முன்னால கடக்கச் சொல்லிக் குடுக்கிறதா, பின்னாலயா?

பதில்: இரண்டும் வேண்டாம் அக்கா. முன்னால் கடந்தால், நிற்கும் வானை முந்திக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிளுக்குப் பிள்ளை தெரியாது. பின்னால் கடந்தால், எதிரே நிலாவெளிப் பக்கமிருந்து வரும் வாகனத்தை வான் மறைத்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மஞ்சள் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்தற் பலகையை நீட்டினால், பிரிக்கப்படாத வீதியில் இரண்டு பக்கத்து வாகனங்களும் நின்றாக வேண்டும். அதை நம்பித்தான் அங்கே பிள்ளைகளை முன்னால் கடக்கவிடுகிறார்கள். நமது வானில் அப்படிப் பலகையும் இல்லை, மற்றவர்கள் நிற்கும் பழக்கமும் இல்லை. படத்தில் பார்த்துவிட்டு இங்கே செய்யக் கூடாது.

நிலாவெளி வீதியில் வடக்கே போகிற வான் கடலுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நிற்க முடியும். அதே வான் டவுனுக்குத் திரும்பும்போது உங்கள் வீட்டுப் பக்கத்தில் நிற்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மகளைத் திரும்பி வரும்போது இறக்கிவிட முடியுமா என்பது. முடியாவிட்டால் வான் வருவதற்கு முன்பே ஒரு பெரியவர் எதிர்ப்பக்கம் போய், கதவடியில் நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நின்று கையசைத்துக் கூப்பிடுவதுதான் மிகவும் ஆபத்தானது. அம்மாவைக் கண்ட பிள்ளை ரோட்டைப் பார்க்காது, அம்மாவைப் பார்த்தே ஓடிவரும்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வான் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் வெளித்த பிறகு கடந்து போங்கள். அந்த அரை நிமிடம் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு: மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிறவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி பிடித்தால், அதற்குள்ளேயே 25 மீற்றர் போய்விடுவார். நிற்க இன்னும் 20 மீற்றர். மழை ரோட்டில் மொத்தமாக 60 மீற்றர் வரை போகலாம். 40 கிலோமீற்றரில் வந்தால் காய்ந்த ரோட்டில் மொத்தம் 25 மீற்றர்தான்.

பாலையூற்று வான் சாரதி: ஹோல்ட்டில நிற்பாட்டுற முறை ஒன்று எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்க.

பதில்: ஹோல்ட்டுக்கு 50 மீற்றர் முன்பே வேகத்தைக் குறைத்து இடது சிக்னல் போடுங்கள். நின்றதும் நான்கு விளக்கும் மினுங்க வேண்டும். ஓடும்போதே நான்கையும் போட்டால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று தெரியாது.

காலையில் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு நேரே போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள். 3 மீற்றர் முன்பே நின்றுவிடுங்கள். அவர்கள் நடந்து வரட்டும். வான் நிற்கும் முன்பே கதவுக்கு ஓடிவருகிற பழக்கம், நீங்கள் அவர்களின் காலடியில் கொண்டுபோய் நிறுத்துவதால்தான் வருகிறது.

இடது பக்கத்தில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ரோட்டோரத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிறுத்தினால் அந்த இடைவெளிக்குள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ நுழையும். கதவால் இறங்குகிற பிள்ளை நேரே அதன் முன்னால்தான் கால் வைக்கும். அரை மீற்றருக்குள் ஒட்டி நிறுத்துங்கள். ஓரத்தில் திறந்த கான் இருந்தால் அந்த இடமே ஹோல்ட்டுக்குச் சரியில்லை, பத்து மீற்றர் முன்னே பின்னே மாற்றுங்கள். வளைவிலும், பாலத்திலும், சந்தியை ஒட்டியும் ஹோல்ட் வைக்கக் கூடாது.

நின்ற பிறகு: கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு இடது கண்ணாடி. கண்ணாடியில் மோட்டார் சைக்கிள் இல்லை என்றால்தான் கதவு. கிளம்பும்போது கதவு பூட்டிய சத்தம், எண்ணிக்கை, இரண்டு கண்ணாடி, முன்கண்ணாடிக்குக் கீழ்ப்பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். வானை மெல்ல உருட்டிக்கொண்டே கதவைப் பூட்டுவது எவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கும்? மூன்று விநாடி.

ஒரு வான் உதவியாளர்: கடைசிப் பிள்ளை இறங்கினதும் வானின்ட பக்கத் தகட்டில இரண்டு தட்டுத் தட்டுவன். அது காணாதா?

பதில்: காணாது தம்பி. பிள்ளை கை பட்டாலும் அதே சத்தம்தான், வீதியில் போகிறவர் விளையாட்டாகத் தட்டினாலும் அதே சத்தம்தான். வாயால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: "நாலு பேர் இறங்கியாச்சு, நாலு பேரும் மதிலடியில்." சாரதி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இறங்கியவர் எத்தனை என்பதோடு நிறுத்தக் கூடாது. அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பதும் சேர வேண்டும். சில்லடியில் கிடக்கும் பிள்ளையும் இறங்கிய பிள்ளைதானே.

முதலில் இறங்குவது நீங்கள், கடைசியில் ஏறுவதும் நீங்கள். இறங்கிய பிள்ளைகளை வானிலிருந்து 3 மீற்றர், அதாவது பெரிய எட்டாக ஐந்து எட்டு, தள்ளி நிற்க வையுங்கள். சாரதியின் கண்ணுக்கு மறைவான இடங்களில் பெரும்பகுதி அந்த 3 மீற்றருக்குள்தான் இருக்கிறது.

எண்ணிக்கை ஒன்று குறைந்தால் சாரதி எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, இறங்கி வந்து வானுக்கு அடியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளை எதையாவது எடுக்கத்தான் குனிந்திருக்கும். தண்ணீர்ப் போத்தல் உருண்டு சில்லடிக்குப் போகும், பிள்ளை பின்னாலேயே போகும். முதல் நாளே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: விழுந்தது விழுந்ததுதான், அதைத் தொடாதே, என்னிடம் சொல்.

இன்னொன்று, புத்தகப்பையின் தொங்கும் வார். கதவின் கைபிடியிலோ இருக்கைக் கம்பியிலோ அது கொளுவினால் பிள்ளையை இழுத்துக்கொண்டு வான் போகும். பையை முதுகில் போடாமல் முன்பக்கம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டி, குடை நாடா, மழைக்கோட்டின் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து ஒரு அப்பா: எங்கட ஒழுங்கை நல்ல இறக்கம். வானின்ட கதவு தானாவே வந்து மூடுப்படுது. மகன்ட விரல் ஒரு நாள் மாட்டுப்பட்டிட்டுது.

பதில்: ஹையேஸ் மாதிரி வான்களில் இழுவைக் கதவு பின்பக்கம் ஓடித்தான் திறக்கும். வானின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்றால் கதவின் பாரமே அதை முன்னுக்கு, மூடும் பக்கம், இழுக்கும். முழுதாகத் திறந்த கதவைப் பிடித்து வைக்கும் கொக்கி ஒன்று உள்ளே இருக்கிறது. அது தேய்ந்திருப்பதுதான் உங்கள் வானின் குறை. சோதிப்பது சுலபம்: ஆளில்லாத நேரம் அதே இறக்கத்தில் நிறுத்தி, கதவை முழுதாகத் திறந்து விட்டு, கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அசைந்து ஓடினால் கொக்கியை மாற்ற வேண்டும். உருளையையும் தண்டவாளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். கயிறு கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

மூக்கு ஏற்றத்தைப் பார்த்தால் தலைகீழ்ப் பிரச்சினை: கதவு மூடின மாதிரி இருக்கும், பூட்டு விழுந்திருக்காது, ஓடும்போது திறந்துகொள்ளும். உதவியாளர் உள்ளிருந்து ஒரு தடவை தள்ளிப் பார்த்தே ஆக வேண்டும். எப்படியானாலும் ஏற்றி இறக்குவதை ஒழுங்கை முகப்பில், மட்டமான இடத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. ஐம்பது மீற்றர் நடந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பா: எங்கட ஒழுங்கை முட்டு ஒழுங்கை. வான் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேணும். புள்ளைய இறக்கிப்போட்டு ரிவர்ஸ் எடுக்கிறாங்க. சரியா?

பதில்: பிழை. காலையில் முதலில் பிள்ளையை ஏற்றுங்கள், பிறகு ரிவர்ஸ். பின்னேரம் முதலில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்புங்கள், பிறகு பிள்ளையை இறக்குங்கள். இரண்டு வேளையும் வான் பின்னால் போகும்போது பிள்ளை உள்ளேதான் இருக்க வேண்டும். உதவியாளர் இறங்கி, சாரதியின் கண்ணாடியில் தெரியும்படி வலது பின்மூலையில், வான் போகும் பாதைக்கு வெளியே நின்று வழிகாட்டட்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே சாரதி பிரேக் பிடிக்க வேண்டும். பின்கமரா இருக்கிறதே என்று உதவியாளரை உள்ளே இருத்தாதீர்கள். மழைத்துளி பட்ட கமராவில் ஒன்றும் தெரியாது. வாசலில் சின்னத் தம்பி, தங்கை நின்றால் உம்மா அவர்களைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கட்டும். வானில் வராத பிள்ளைகளும் வான் சத்தம் கேட்டு ஓடிவருவார்கள்.

வாசல் கடமையில் நிற்கும் ஒரு டீச்சர்: பகல் 1.30க்கு கேற் திறந்ததும் வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: கேற்றுக்கு நேர் முன்னே இருபது மீற்றரை வெறுமையாக்குவதில் தொடங்குங்கள் டீச்சர். அங்கே எந்த வாகனமும் நிற்கக் கூடாது, அதிபரின் வாகனம் உட்பட. வான்கள் எல்லாம் பாடசாலை மதில் பக்கத்தில், ஒரே திசையில், ஒரே வரிசையில். வீதியின் மறுபக்கத்தில் நிற்கும் வான் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கிறது. இரட்டை வரிசை போட்டால் இரண்டாவது வானின் பிள்ளைகள் முதல் வரிசையின் இடுக்கால்தான் போக வேண்டும். இது இரண்டையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு வானுக்கு இடையில் பிள்ளை போகவும் கூடாது, போக முடியாதபடியும் இருக்க வேண்டும். சாரதிகளை நெருக்கமாக நிறுத்தச் சொல்லுங்கள். முன் வான் கிளம்பாமல் பின் வான் கிளம்பாது என்று ஒழுங்கு வைத்தால் யாருக்கும் ரிவர்ஸ் தேவைப்படாது. ஒவ்வொரு வானுக்கும் ஓர் இலக்கம். மதிலில் அதே இலக்கம். பிள்ளைகள் உள்ளே, வளவுக்குள், இலக்கப்படி வரிசையில் நிற்க, உதவியாளர் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு வான் பின்கண்ணாடியில் ஒரு படம் ஒட்டிவிடுங்கள். இலக்கத்தை மறக்கிற பிள்ளையும் "மீன் வான்" என்பதை மறக்காது.

நடந்து போகும் பிள்ளைகளையும் சைக்கிள் பிள்ளைகளையும் ஐந்து நிமிடம் முன்னதாகவோ வேறு கேற்றாலோ விடுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் பெற்றோருக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் கொடுக்கலாம்; ஆனால் அவர்கள் இறங்கி வந்து பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். போக்குவரத்துப் பொலிஸாரின் உதவியை அதிபர் மூலம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதே டீச்சர்: மான்கள்? கோட்டைப் பக்கமிருந்து டவுனுக்குள் வந்து ரோட்டோரம் நிற்கின்றனவே.

பதில்: மான் நிற்கிற இடத்தில் பிள்ளையை இறக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியதைக் கொடுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள், மான் வெருண்டு ரோட்டுக்குள் பாயும், அதைக் கண்டு மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்துக்கு வெட்டுவார்.

மாணவர் சேவை பஸ் சாரதி: வானுக்குச் சொன்னது பஸ்ஸுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஆனால் பஸ்ஸில் இன்னும் மூன்று ஆபத்து. முதலாவது முன்பக்கம். 110 சென்றிமீற்றர் நீளத் தடி ஒன்றை, கிட்டத்தட்ட தரம் 1 பிள்ளையின் உயரம், பம்பருக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, நீங்கள் ஆசனத்தில் இருந்து பாருங்கள். தடியின் நுனி தெரியும்வரை அதைப் பஸ்ஸிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த இடம் வரைக்கும் உங்களுக்கு முன்னால் பிள்ளை இருந்தாலும் இல்லாத மாதிரித்தான். முன் இடது மூலையில் ஒரு குவிவுக் கண்ணாடி பூட்டினால் அதில் பெரும்பகுதி தெரியும். அதில் உருவம் சின்னதாகத் தெரிவதால் தூரத்தை அதை வைத்து மதிக்காதீர்கள், ஆள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, இடதுபக்கம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லை விட உள்ளே வெட்டும். ஹோல்ட் முடிந்த உடனே இடது திருப்பம் இருந்தால், இறங்கிய பிள்ளைகள் மூலையில் நிற்கும் இடத்துக்கே பின்சில்லு வரும். அந்த ஹோல்ட்டைத் திருப்பத்துக்கு அப்பால் மாற்றக் கேளுங்கள். மூன்றாவது புட்போட். இரண்டு கதவும் பூட்டாமல் பஸ் அசையக் கூடாது. பெரிய பையன்கள் தொங்குவது உள்ளே இடமில்லாததால் மட்டும் இல்லை, கதவு திறந்து கிடப்பதால்.

தரம் 9 மாணவி: தம்பி வானில நித்திரை கொள்ளுவான். எப்படி எழுப்ப மறக்காம இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி மகள். அது உங்கள் பொறுப்பு மட்டும் இல்லை, சாரதியின் பொறுப்பு. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் சாரதி கடைசி இருக்கைவரை நடந்து போய், ஒவ்வொரு இருக்கையின் கீழும் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தால், இருக்கையில் சரிந்து கிடக்கும் பிள்ளை தெரியாது. சாவியை வைக்கும் கொளுக்கியைப் பின் இருக்கையடியில் பூட்டினால் நடக்காமல் இருக்க முடியாது. பூட்டிய வான் வெயிலில் நின்றால் பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை அளவுக்குச் சூடு கூடும். சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட மிக வேகமாகச் சூடாகும். மயங்கிய பிள்ளையைக் கண்டால் நிழலுக்கு எடுத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூதூரிலிருந்து ஒரு சாரதி: மாரி மழைக்கு என்ன விசேஷம்?

பதில்: படியில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு, படி விளிம்பில் மஞ்சள் பட்டி. குடையை வானுக்கு வெளியே சுருக்கிவிட்டுத்தான் ஏறுவது. இறங்கும்போது நிலத்தில் நின்றபின் விரிப்பது. மழைக்கோட்டின் தொப்பி பக்கப் பார்வையை மறைக்கும், கடக்கும் முன் அதைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். வெள்ளம் நின்றால் கான் எது ரோட்டு எது என்று தெரியாது, உதவியாளர் இறங்கிக் காலால் பார்த்த இடத்தில்தான் பிள்ளையை விடலாம்.

உப்புவெளி அம்மா மீண்டும்: வான்காரரிட்டக் கேட்டன் அண்ணா. திரும்பி வரும்போது இறக்கினா மகள் இருபது நிமிசம் கூட வானில இருக்க வேணுமாம். பசியில வாறவள்.

பதில்: ஒரு பிஸ்கட் பக்கெற்றும் தண்ணீரும் கூடக் கொடுத்து விடுங்கள் அக்கா, இருபது நிமிடம் இருக்கட்டும். வான்காரரிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் வீடுள்ள மற்றப் பிள்ளைகளையும் திரும்பும் ஓட்டத்துக்கே மாற்றினால், போகும்போது நிற்கும் ஹோல்ட்டுகள் குறையும், அந்த இருபது பதினைந்தாகலாம். காலையில் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: வான் டவுனுக்குப் போகும்போது உங்கள் பக்கத்தில்தான் வரும், அப்போது ஏற்றுங்கள். வடக்கே வெறும் வானாகப் போகும்போதே எதிர்ப்பக்கத்தில் நின்று ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள்.