சக்கரைக்கும் நந்தினிக்கும் நடுவுல என்ன?

இந்த மாசம் வந்த கேள்விங்கள பிரிச்சு வச்சா பெரிய கட்டு 'சுழல்'ங்கிற தமிழ் வெப் சீரியல் கட்டுதான். முதல் சீசன் வந்தது 2022 ஜூன் 17, ரெண்டாவது 2025 பிப்ரவரி 28, ஆனாலும் நம்ம ஆளுங்க இன்னும் விடல, பிரைம் வீடியோல இப்பதான் பார்த்து முடிச்சவங்க புதுசா சண்டைக்கு வர்றாங்க. சந்தோஷமா இருக்கு, ஏன்னா எனக்கும் இதப் பத்தி பேச நிறைய இருக்கு. இன்னும் பார்க்காதவங்க இந்தப் பக்கத்த மடிச்சு வச்சிட்டு பார்த்துட்டு வந்து படிங்க, கொலைகாரன் யாருன்னு கீழ வெளிப்படையா எழுதியிருக்கேன்.

அக்கா, சக்கரைக்கு நந்தினி மேல லவ்வா இல்லையா? லவ்வுதான்னு என் தங்கச்சி அடிச்சு சொல்றா. அப்படின்னா நிச்சயம் பண்ண லட்சுமி பாவம் இல்லையா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

உங்க வீட்டுல மட்டும் இல்லம்மா இந்தச் சண்ட. போன சனிக்கிழம பினாங்கு லிட்டில் இந்தியால பசியாற உட்கார்ந்திருந்தேன், பக்கத்து மேசைல ரெண்டு அக்கா தங்கச்சி, தோச ஆறிப்போச்சு, ரெண்டு பேரும் கவனிக்கல. தங்கச்சி சட்னி கிண்ணத்த எடுத்து நடுவுல வச்சு "இது நந்தினி", சாம்பார் கிண்ணத்த தள்ளி "இது லட்சுமி, இப்ப சொல்லு, சக்கர எந்தப் பக்கம் சாயுறான்"னு கேக்குறா. அக்காக்காரி சாம்பார் கிண்ணத்த தன் பக்கமா இழுத்துக்கிட்டா, "நான் லட்சுமி பக்கம், நிச்சயம் பண்ணிட்டு இன்னொருத்தி பின்னால ஓடுறவன நம்பக்கூடாது"ன்னுட்டா. நான் கேக்காமலே போய் கலந்துக்கிட்டேன், அங்க சொன்னதத்தான் இங்கயும் சொல்றேன்.

எனக்கு அது லவ்வா தெரியல. கதிர் அந்த சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையா நடிச்சிருக்கறத கவனிங்க, நந்தினி முன்னால நிக்கும்போதெல்லாம் அவன் முகத்துல ஒரு குற்ற உணர்ச்சி ஓடிக்கிட்டே இருக்கும். காணாமப் போன நந்தினியோட தங்கச்சி நிலாவ கண்டுபிடிச்சுக் குடுக்க வேண்டிய போலீஸ்காரன் அவன், முடியல. நிலா திரும்பி வரல. அந்தக் கோவம், அந்தக் கடன், அதத்தான் ரெண்டாவது சீசன்லயும் தூக்கிக்கிட்டு அலையுறான், ஜெயில்ல இருக்கிற நந்தினிக்காக. பொண்ணுக்காக ஆம்பள ஓடினாலே காதல்னு பேர் வைக்கிற பழக்கம் நமக்கு சினிமா குடுத்தது. கடன்பட்டவன் ஓட்டமும் அப்படித்தான் இருக்கும்.

லட்சுமி பாவம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. லட்சுமியா நடிச்ச நிவேதிதா சதீஷுக்கு இன்னும் கொஞ்சம் சீன் குடுத்திருக்கணும். கட்டிக்கப் போறவன் ராத்திரி பகலா ஒரு கேஸ்ல மூழ்கிக் கிடக்கறான், அவ நெலமைல இருந்து ஒரு முழு எபிசோட் எழுதியிருக்கலாம், நான் விரும்பிப் பார்த்திருப்பேன்.

குணாவ கடைசில கொலைகாரனா காட்டினது ஏமாத்து வேல. அதுக்கு முன்னால ஒரு குறிப்பும் குடுக்கல. ஒத்துக்கறீங்களா? (பட்டர்வொர்த் வாசகர்)

ஒத்துக்கவே மாட்டேன் தம்பி. இதுக்குத்தான் நான் இந்த மாசம் பேனாவே எடுத்தேன்.

சிமெண்ட் ஃபேக்டரி எரியுது, அதே சமயத்துல நிலா காணோம். ஒடனே நாம எங்க பார்த்தோம்? முதலாளி பக்கம் பார்த்தோம், ஸ்ட்ரைக் சண்ட பக்கம் பார்த்தோம், நிலாவுக்கு காதல்னு தெரிஞ்சதும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவோட பையன் அதிசயம் பக்கம் பார்த்தோம். வீட்டுக்குள்ளயே, நந்தினியோட அப்பா, தொழிற்சங்கத் தலைவர் ஷண்முகத்துக்கு ஒத்தாசையா நின்ன சொந்தக்காரர் குணாவ மட்டும் நாம பார்க்கல. கதை அவர ஒளிச்சு வைக்கல தம்பி, நம்ம கண்ணு முன்னாலயே நிக்க வச்சுச்சு. நல்ல மனுசன்னு நாமளே ஒரு நாற்காலி போட்டு உட்கார வச்சோம். குமரவேல் நடிப்பு அப்படி, சத்தம் போடமாட்டார், முறைக்கமாட்டார், பார்த்தா நம்ம தாமான்ல கோயில் கமிட்டில இருக்கிற ஒரு மாமா மாதிரியே இருப்பார்.

நான் இத முதல்ல பார்த்தது ஜெலுத்தோங் ஃபிளாட்டுல, அம்மாகூட. அம்மா கீழ பேப்பர விரிச்சு முருங்கக்கீர உருவிக்கிட்டு இருந்தாங்க, அரைக் கண்ணுலதான் டிவி. குணாதான்னு தெரியுற எடம் வந்ததும் அம்மாவோட கை நின்னுடுச்சு. காம்பு கைலயே இருக்கு, இல உருவல, ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "இவன் மொதல்லேருந்து இருந்தான்ல?" ஆமாம்மான்னேன். மறுநாள் நான் வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா தனியா உட்கார்ந்து முதல் எபிசோட்லேருந்து திரும்பப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, குணா வர்ற எடம் மட்டும் நிறுத்தி நிறுத்தி.

நீங்களும் அப்படி ஒரு தடவ பாருங்க. குறிப்பு இல்லன்னு சொன்னத வாபஸ் வாங்கிடுவீங்க, அவர் அன்பா இருக்கறதுதான் குறிப்பே.

எட்டு எபிசோடும் ஒரே டைரக்டரா? நடுவுல ஸ்டைல் மாறுற மாதிரி இருக்கு. (செந்தூல் வாசகர்)

நல்ல கண்ணு உங்களுக்கு. முதல் சீசன்ல முதல் நாலு பிரம்மா, அடுத்த நாலு அனுசரண். எழுதினது புஷ்கர் காயத்ரி, மியூசிக் சாம் சி.எஸ்.

என் மகளுக்கு 12 வயசு. கூட உட்கார்ந்து பார்க்கணும்னு அடம் பிடிக்கிறா. காட்டலாமா? அப்புறம், குணா தப்பா தொட்டத நந்தினி ஏன் சின்ன வயசுலயே யார்கிட்டயும் சொல்லல? (கெப்போங் வாசகி)

சீரியல காட்ட வேணாம்மா, 12 வயசுக்கு அது பாரம். ஆனா விஷயத்த பேசுங்க, இன்னைக்கே பேசுங்க.

நந்தினி ஏன் சொல்லலன்னு ரொம்ப பேர் கேக்குறாங்க, அதுல பாதிப் பேர் அவமேல குத்தம் வர்ற மாதிரி கேக்குறாங்க, அது எனக்கு வலிக்குது. சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அப்பா ஷண்முகம் ஊருக்கே தலைவர், வீட்டுல இருக்கறத விட சங்கத்துல இருக்கற நேரம் ஜாஸ்தி. அம்மா தேவி சாமி பக்தின்னு தனியா போயிட்டாங்க. சின்னப் பிள்ள யார்கிட்ட போகும்? தொட்டவனே வீட்டுக்கு வேண்டப்பட்டவன். "சொன்னா நம்புவாங்களா"ன்ற ஒரே பயத்துலதான் பிள்ளைங்க வாய மூடிக்குதுங்க. அவ ஊர விட்டே போனா, நிலா அந்த வீட்டுல மாட்டிக்கிட்டா, ஐஸ்வர்யா ராஜேஷ் நந்தினியா அழறதெல்லாம் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்னு எனக்குத் தோணும். தான் பேசியிருந்தா தங்கச்சி தப்பிச்சிருப்பாளோன்னு.

நம்ம மலேசியா சட்டம் இத நல்லா புரிஞ்சு வச்சிருக்கு. 2017ல வந்த 792ஆம் சட்டம், சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருக்கிற எல்லா பிள்ளைங்களுக்கும். அதுல 16ஆம் பிரிவுல பிள்ளையோட நம்பிக்கைக்குரிய எடத்துல இருக்கறவங்க, அதாவது பெத்தவங்க, சொந்தக்காரங்க, பிள்ளைய பார்த்துக்கிறவங்க, டீச்சருங்க, இவங்க செஞ்சா அந்தத் தப்புக்குள்ள தண்டனைக்கு மேல இன்னும் அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் அடி வேற. குணா மாதிரி ஆளுங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். 19ஆம் பிரிவு இன்னொரு விஷயம் சொல்லுது, தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருந்தா 5,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம். அதனால "குடும்ப மானம்"னு மூடி மறைக்கிற பெரியவங்களும் மாட்டுவாங்க. கதை நடக்கறது தமிழ்நாட்டுல, அங்க 2012லேருந்து இதே மாதிரி போக்சோ சட்டம் இருக்கு.

உங்க மககிட்ட ஒரு நம்பர எழுதிக் குடுங்க: தாலியான் காசே உதவி லைன் 15999, 24 மணி நேரமும் எடுப்பாங்க. நந்தினிக்குக் கிடைக்காதது அது.

ஷண்முகமா ரெஜினாவா, நீங்க யார் பக்கம்? எங்க தாத்தா தோட்டத்துல யூனியன்ல இருந்தவரு, அதனால எங்க வீட்டுல ஷண்முகத்துக்குத்தான் ஓட்டு. (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

உங்க வீட்டு ஓட்டு எனக்குப் புரியுது. நம்ம ஊர்ல சங்கத் தலைவர்னா அது வெறும் பதவி இல்ல. மலாயா தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதிய 1949 மே 4ல தூக்குல போட்டாங்க, அத இன்னைக்கும் பேசுற வீடுங்க இருக்கு. அதனால ஷண்முகமா நடிச்ச பார்த்திபன் மைக்க புடிச்சு தொழிலாளிங்ககிட்ட பேசும்போது நம்ம ஆளுங்க நிமிர்ந்து உட்கார்றாங்க.

இருந்தாலும் நான் ரெஜினா பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஸ்ரேயா ரெட்டி அந்த இன்ஸ்பெக்டர எவ்ளோ கடுமையா ஆரம்பிச்சாங்க, ஸ்ட்ரைக்க அடக்குற பொம்பள, வெறுப்பா வரும். அப்புறம் சொந்தப் பையனும் காணோம்னு தெரியுது, அவனும் நிலாவும் லவ் பண்ணது தெரியுது. ரெண்டு எதிரிங்க வீட்டுப் பிள்ளைங்க. கடைசில ரெண்டு பிள்ளையும் உயிரோட இல்ல. அதுக்கப்புறம் யாரு தொழிலாளி பக்கம், யாரு போலீஸ் பக்கம்னு பார்க்கவே முடியல என்னால, பிள்ளைய தொலச்ச ரெண்டு வீடாத்தான் தெரிஞ்சுது. சக்கர நெலமையும் யோசிங்க, தன்ன வழிநடத்தின மேடத்தோட பையனையே கேஸ்ல இழுக்கணும்.

மயானக் கொள்ளைய ஏன் கதைல போட்டாங்க? கலர்ஃபுல்லா இருக்கணும்னா? (பாயான் லெப்பாஸ் வாசகி)

இல்லம்மா. மாசி அமாவாசைல, சிவராத்திரிக்கு மறுநாள், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில்ல நடக்கிற திருவிழா அது. சிவன் கைல பிரம்மாவோட மண்டையோடு ஒட்டிக்கிட்டு, அவருக்குப் படைக்கிற சோத்தையெல்லாம் அதுவே தின்னுடும். அம்மன் மயானத்துல சோத்த வாரி எறைக்கறா, மண்டையோடு ஆசப்பட்டு கீழ எறங்குது, ஒடனே காலால மிதிச்சு அடக்கிடறா. ஒட்டிக்கிட்டே இருந்து தின்னுக்கிட்டே இருந்த ஒண்ண ஒரு பொம்பள மிதிக்கிற கதை. இப்ப குணாவையும் நந்தினியையும் நெனச்சுப் பாருங்க. எனக்கு இது புரிஞ்சப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு.

ரெண்டாவது சீசன்ல எட்டு பொண்ணுங்க ஒரே கொலைய நாங்கதான் செஞ்சோம்னு சொல்றது நம்புற மாதிரியா இருக்கு? (செராஸ் வாசகர்)

அங்க நானும் கொஞ்சம் தடுமாறினேன். கொலையான வக்கீல் செல்லப்பாவா லால் வந்த சீன்லாம் பிரமாதம், கதை நடக்கிற காளிபட்டினத்துல வர்ற அஷ்டகாளி திருவிழாவப் பார்த்தா, குலசேகரப்பட்டினம் தசரா பார்த்தவங்களுக்கு ஒடனே அது ஞாபகம் வரும். ஆனா எட்டு காளிக்கு எட்டு பொண்ணுன்னு கணக்கு சரியா வரணும்னு கதைய இழுத்த மாதிரி இருந்துச்சு. ஜெயில்ல நந்தினி அவங்களுக்கு ஒரு அக்காவா மாறுறது மட்டும் எனக்கு ரொம்ப பிடிச்சுது. நிலாவுக்கு இருக்க முடியாத அக்காவா இவங்களுக்கு இருக்கறா.

போலீஸ் ஆணும் ஒரு பெண்ணும் லவ் இல்லாம கடைசி வரைக்கும் வர்ற வேற சீரியல் சொல்லுங்க, என் வீட்டுக்காரர் அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுங்கறாரு. (ஆயர் ஈத்தாம் வாசகி)

இருக்கு. இங்கிலீஷ் சீரியல் 'பிராட்சர்ச்', 2013லேருந்து 2017 வரைக்கும் மூணு சீசன், மொத்தம் 24 எபிசோட். டேவிட் டென்னன்ட், ஒலிவியா கோல்மன், ரெண்டு பேரும் போலீஸ். மூணு சீசனும் சண்ட போடுவாங்க, திட்டிக்குவாங்க, ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்கமாட்டாங்க, லவ் கிடையவே கிடையாது. அதுலயும் முதல் சீசன் முடிவு வீட்டுக்குள்ளதான் போய் நிக்கும், இதுக்கு மேல சொல்லமாட்டேன். வீட்டுக்காரர பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க.

நந்தினியும் அவ அப்பாவும் சேருவாங்களா? எனக்கு 71 வயசு, எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். (செந்தூல் பாட்டி)

பாட்டி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ஷண்முகம் சாமி கும்பிடாத மனுசன், தன் கொள்கை மேல அவ்ளோ நம்பிக்க, ஆனா தன் கூரைக்குக் கீழ நடந்தது தெரியாம இருந்துட்டார். அவரு மககிட்ட கேக்க வேண்டியது "ஏன் சொல்லல"ன்னு இல்ல, "நான் ஏன் கேக்கல"ன்னு. அத அவர் வாய்விட்டுக் கேட்டா நந்தினி வந்துடுவா பாட்டி, அப்பாவ முழுசா வெறுத்திருந்தா தங்கச்சி காணோம்னதும் அந்த வீட்டு வாசப்படிய திரும்ப மிதிச்சிருக்கவே மாட்டா.