உள்ளங்கையா, புறங்கையா?

கேள்வி: சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் சிலருக்கு வாரம் இரண்டு மாலை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘நன்றாகத் தெரியும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இருபது வழிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனால் ஒருவர் வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வெரி ஃபேமிலியர் வித் மை பாஸ்’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் புதிதாக யாரைப் பார்த்தாலும் ‘நைஸ் டு நோ யூ’ என்கிறார். நான் எங்கே தவறுகிறேன்?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் தவறவில்லை. அந்தத் தாளை மட்டும் கொஞ்ச நாள் அலமாரியில் வைத்துவிடுங்கள். இருபதுக்கும் ஒரே பொருள் என்று கொடுத்தால், தன் தாய்மொழிச் சொல்லுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் மாணவர் எடுத்துக்கொள்வார். விண்ணப்பம் எழுதியவர் செய்தது அதுதான். அதனால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் சீனச் சொல்லிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அந்தச் சொல் ‘ஷு’. வெந்தது, கனிந்தது, பழகியது மூன்றுக்கும் அது ஒன்றே. வெந்த கறியும் ஷு, மரத்தில் கனிந்த பழமும் ஷு. தெரிந்த ஆள் ‘ஷுரென்’, அதாவது வெந்த மனிதர். முன்பின் தெரியாதவர் ‘ஷெங்ரென்’, பச்சை மனிதர். பாடத்தில் வரும் புதுச் சொல்லுக்குக்கூட அவர்களிடம் ‘பச்சைச் சொல்’ என்றுதான் பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் இது ஒன்று. நமக்கும் இது தூரமில்லை. பழுத்த அனுபவம் என்கிறோம், பழம் தின்று கொட்டை போட்டவர் என்கிறோம்.

ஷு ஆளுக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும், தொழிலுக்கும் பொருந்தும். ‘அவரோடு நான் ரொம்ப ஷு’ என்பது சீன மொழியில் குறையில்லாத வாக்கியம். நாமும் ‘அவர் எனக்கு நல்ல பழக்கம்’ என்கிறோமே, அதே மாதிரி. அகராதியைத் திறந்தால் ஷுவிலிருந்து பிறந்த ‘ஷுஷி’ என்ற சொல்லுக்கு நேராக ‘ஃபேமிலியர்’ என்று போட்டிருக்கும். சிக்கல் அங்கேதான். ஃபேமிலியர் லத்தீனில் குடும்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஊரோடு, பாடத்தோடு, இயந்திரத்தோடு ஃபேமிலியர் என்றால் ஒரு குறையும் இல்லை. ஓர் ஆளோடு என்றால், அதுவும் மேலதிகாரியோடு என்றால், அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொள்கிறார் என்ற வாடை வந்துவிடும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்ற நம் பழமொழிக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. அதில் வரும் சொல்லும் இதே ஃபேமிலியாரிட்டிதான். ஆளைப் பற்றிப் பேசும்போது ‘ஐ நோ ஹிம் வெல்’ போதும். இந்த ஒன்றை மட்டும் வகுப்பில் ஒரு மாலை முழுக்கச் சொன்னாலும் தகும்.

விண்ணப்பம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனாவில் வேலைக்கு எழுதும் தன்விவரக் குறிப்பில் திறமைக்குப் படிகள் உண்டு. மேலே ‘ஜிங்தோங்’, கரைத்துக் குடித்தவர். அடுத்து ‘ஷுஷி’, நன்றாகப் பழகியவர். கீழே ‘லியாவ்ஜியே’, ஓரளவு தெரிந்தவர். ஆங்கிலக் குறிப்பில் ‘ஃபேமிலியர் வித்’ என்பது நடுப்படி இல்லை, ஏறக்குறைய அடிப்படி. தொட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று படிப்பவர் நினைப்பார். பத்து வருடம் வெல்டிங் செய்த ஒருவர் அடக்கமாக ‘ஃபேமிலியர் வித் வெல்டிங்’ என்று எழுதித் தன் சம்பளத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். அவர் எழுத வேண்டியது ‘ஸ்கில்டு’ அல்லது ‘எக்ஸ்பீரியன்ஸ்டு’. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. கையில் தொழில் இருக்கிறது, ஒரு சொல் காலை வாருகிறது.

நேர்மாறான தவறும் உண்டு. கற்றுத் தேர்வதற்குச் சீனத்தில் ‘ஜாங்வோ’ என்பார்கள். ஜாங் என்றால் உள்ளங்கை, வோ என்றால் பிடித்தல். பாடத்தில் இத்தனை சொற்களை ஜாங்வோ செய்ய வேண்டும் என்று பள்ளியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். அகராதி அதற்கு ‘மாஸ்டர்’ என்று கொடுக்கிறது. உடனே ‘ஐ ஹாவ் மாஸ்டர்ட் இங்கிலிஷ்’ என்று எழுதிவிடுவார்கள். தன்னைப் பற்றித் தானே இப்படிச் சொன்னால் ஆங்கிலத்தில் தற்புகழ்ச்சியாகப் படும். ‘எ குட் கமாண்ட் ஆஃப்’ என்பதைக் கொடுங்கள், அடக்கமும் கெடாது.

அடுத்தவர் சொல்லும் ‘நைஸ் டு நோ யூ’வுக்கு வருகிறேன். நமக்கு எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ ஒன்றே போதும். சீனத்தில் செய்தி தெரிவது ‘ஜிர்தாவ்’, ஆளைத் தெரிவது ‘ரென்ஷிர்’. இந்த ரென்ஷிர் அறிமுகமாகும் நொடியையும் குறிக்கும், அதற்குப் பின் வரும் பழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. நொடிக்கு ‘மீட்’, பழக்கத்துக்கு ‘நோ’, இடைப்பட்ட வளர்ச்சிக்கு ‘கெட் டு நோ’. அதனால்தான் ‘2015-இல் அவரைச் சந்தித்தேன்’ என்று சொல்ல வேண்டியவர் ‘ஐ நியூ ஹிம் இன் 2015’ என்கிறார். கேட்பவருக்கு, இப்போது தொடர்பே இல்லையோ என்று தோன்றும். பத்து வருடப் பழக்கத்துக்கு ‘ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. இங்கே நம் பிள்ளைகளும் ‘ஐ நோ ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்றுதான் இடறுவார்கள். அதையும் அவர்களிடம் சொல்லுங்கள், கொஞ்சம் கூச்சம் போகும்.

இன்னொன்று, நேரில் பழகாத பிரபலத்தைப் பற்றி ‘ஐ நோ யாவ் மிங்’ என்றால் அந்தக் கூடைப்பந்து வீரர் தன் நண்பர் என்று ஆகிவிடும். ‘ஐ நோ ஆஃப் ஹிம்’ அல்லது ‘ஐ நோ ஹூ ஹி இஸ்’ சரியாக இருக்கும்.

சரி, மரபுத்தொடர்களுக்கு வருவோம். இங்கே மனம்விட்டு விளையாடுங்கள். ‘லைக் த பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்று ஆங்கிலம் புறங்கையைக் காட்டுகிறது. சீனம் ‘லியாவ் ரு ஜிர் ஜாங்’ என்று உள்ளங்கையைச் சுட்டுகிறது. நாம் அதே உள்ளங்கையில் ஒரு நெல்லிக்கனியையும் வைத்திருக்கிறோம். சீனத் தொடரின் வேர் கன்ஃபூசியஸின் உரையாடல்களில் இருக்கிறது. பெரிய வேள்வி ஒன்றின் பொருள் என்ன என்று ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்கிறார் கன்ஃபூசியஸ். தெரிந்தவருக்கு உலகத்தை ஆள்வது இதைப் பார்ப்பது போல இருக்கும் என்று சொல்லித் தன் உள்ளங்கையைக் காட்டுகிறார். தெரியாது என்ற பதிலில் பிறந்த தொடர் அது. மூன்று கைகளையும் பலகையில் வரைந்து காட்டினால் உங்கள் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். ஆங்கிலப் புறங்கை பெரும்பாலும் இடத்துக்குத்தான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்துச் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி என்பவருக்கு அது கச்சிதம்.

‘பை ஹார்ட்’ நெட்டுருவுக்கு மட்டும். நம் மனப்பாடம் போலவே. சீனத்தில் ஒப்பிப்பதற்கு ‘பேய்’ என்பார்கள், முதுகு என்றும் அதற்குப் பொருள். ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பிப்பது அங்கே பழைய வழக்கம்.

கைத்திறமைக்கு ஒரு கதை கொடுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஒயாங் சியூ என்ற சீன எழுத்தாளர் எழுதியது, சீனப் பள்ளிப் பாடநூலில் வருவது, வகுப்பில் பலருக்குத் தெரிந்திருக்கும். வில்லில் பெருமை கொண்ட ஒருவர் முன்னால் எண்ணெய் விற்கும் கிழவர் சுரைக்குடுக்கையின் வாயில் காசு ஒன்றை வைத்து, அதன் ஓட்டை வழியே எண்ணெயை ஊற்றுகிறார். காசு நனையவில்லை. வேறொன்றுமில்லை, கை ஷு ஆகிவிட்டது என்கிறார். அந்தக் கிழவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். ‘ஃபேமிலியர்’ என்று யாராவது சொல்வார்கள். அப்போது ‘ஸ்கில்டு அட்’, ‘அடெப்ட் அட்’ இரண்டையும் கொடுங்கள்.

வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவரைச் சொல்லும் ‘நோ த ரோப்ஸ்’ வேலையிடத்தில் உதவும், வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை வைத்து ‘நோ யுவர் ஆனியன்ஸ்’ என்று ஒரு பழைய தொடர் உண்டே, அதை விட்டுவிடுங்கள், இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை.

அப்புறம் அந்த விண்ணப்பம். முதலாளியை நன்றாகத் தெரியும் என்ற வரியே அதில் வேண்டாம். எத்தனை வருடம் அவரிடம் வேலை செய்தார், என்ன செய்தார் என்று கேட்டு, ‘ஐ ஹாவ் வொர்க்ட் ஃபார் ஹிம் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்ற மாதிரி அவர் கையாலேயே எழுத வையுங்கள்.